பெருவிரல் வந்தால் விளங்கியது என்று எடுக்க ஏலாது

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் முன்பள்ளிக்கு எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் உடுப்போடு வந்திருக்க, ஒரு பையன் மட்டும் வழக்கமான சீருடையோடு வாசலில் நின்றான். முதல் நாள் பின்னேரமே வட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டிருந்தோம், அவனுடைய அம்மா அதற்குக் கீழே பெருவிரலும் போட்டிருந்தார். "பார்த்திட்டும் இப்படி அனுப்பியிருக்கா, என்ன கவலையீனம்" என்று பக்கத்தில் நின்ற தாய்மார் கதைத்தது அவருக்கும் கேட்டிருக்கும். இரண்டு நாள் கழித்து அந்தக் குழுவை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது, அவர் ஒன்று விடாமல் எல்லாச் செய்திக்கும் பெருவிரல் போட்டிருக்கிறார், ஒரு மரண அறிவித்தல் உட்பட.

அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், நீளமாக இருந்தால் பாதியில் விட்டுவிடுவார். இரண்டு வேலையை ஒன்றாகச் சொன்னால் ஒன்று நிற்கும், மற்றது போய்விடும். ஊரில் இதை 'விளக்கம் குறைவு' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். வைத்தியர்கள் அறிவுத்திறன் குறைபாடு என்கிறார்கள்: ஐ.கியூ ஏறக்குறைய 70 அல்லது அதற்குக் கீழே, அதோடு அன்றாட வேலைகளைத் தனியே சமாளிப்பதிலும் சிரமம், இரண்டும் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களில் பெரும்பான்மை லேசான அளவில் உள்ளவர்கள்தான், கலியாணம் முடிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வயலுக்குப் போகிறார்கள், கடைக்குப் போகிறார்கள். இதைப் பற்றி யாரிடமாவது தொடங்கினால் உடனே "ஓ, விசேட தேவையுள்ள பிள்ளைகளா?" என்று கேட்பார்கள். இல்லை, நான் சொல்வது தாயை. அந்தப் பையன் நல்ல சுட்டி.

'இவர்களுக்கெல்லாம் எதற்குப் பிள்ளை' என்ற கதைக்கு நான் போகவில்லை, அது சட்டப்படியே முடிந்த கதை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 23ஆம் உறுப்புரை, பெற்றோரின் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது, பிள்ளை வளர்ப்பதற்குத் தேவையான உதவியை அரசு கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே கேள்வி உதவுவதா இல்லையா என்பதல்ல, எப்படி என்பதுதான்.

எங்கள் சின்னக் குழுவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சிறிய தொகை கிடைத்தது. மட்டக்களப்பில் பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் ஏழு தாய்மார். 'ஆன்லைனில் பிள்ளை வளர்ப்பு உதவி' என்று காசு தந்தவர்களே பெயரும் வைத்துவிட்டார்கள். அதை எந்த உருவத்தில் செய்வது என்று நாங்கள் மூன்று கூட்டம் வைத்துச் சண்டை பிடித்தோம். இதே யோசனையோடு கல்முனைப் பக்கத்திலோ திருக்கோவில் பக்கத்திலோ யாராவது இருக்கலாம், அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வந்த யோசனை, உலகத்தில் ஏற்கெனவே நல்ல பெயர் எடுத்த ஒரு பாடநெறியை எடுத்துச் சுருக்கித் தமிழாக்கிக் கொடுப்பது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரிபிள் பி இந்த வகையில் பேர்போனது, அதன் ஆன்லைன் வடிவம் எட்டுப் பகுதிகள் கொண்டது. நல்ல சரக்கு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட பாடநெறிகள் எல்லாம் ஒரே ஆளை மனதில் வைத்துத்தான் எழுதப்படுகின்றன: வீடியோவைப் பார்த்துவிட்டு, 'என் வீட்டில் இதை எப்படிச் செய்வேன்' என்று தானே யோசித்து, இலக்கு எழுதி, அடுத்த கிழமை அதைத் திருப்பிப் பார்க்கிற ஒரு தாய். எங்கள் தாய்மாருக்குக் கஷ்டமே அந்த நடுவில் இருக்கிற பாய்ச்சல்தான். சொல்லை எளிதாக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், படம் போடலாம், அந்தப் பாய்ச்சல் அப்படியே கிடக்கும். எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 'மொழியைச் சரியாக்கினால் போதும்' என்று கடைசிவரை நின்றார். மொழி பாதிப் பிரச்சினைகூட இல்லை என்பது என் கட்சி.

இரண்டாவது, சாட்பொட், அதாவது செய்திக்குத் தானாகவே பதில் அனுப்பும் நிரல். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் பேரன்டிங் ஃபோர் லைஃப்லோங் ஹெல்த் என்ற முயற்சியில் பேரன்ட்டெக்ஸ்ட் என்று ஒன்று உண்டு, வட்ஸ்அப் போன்ற செயலிகளுக்குள்ளேயே தினமும் ஒரு சின்னக் குறிப்பு வரும். மலிவு, இராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பதில் சொல்லும், யாரையும் ஏளனமாகப் பார்க்காது, அந்தக் கடைசி விஷயம் சின்ன விஷயமில்லை. ஆனாலும் 1ஐ அழுத்துங்கள், 2ஐ அழுத்துங்கள் என்று போனதும் எங்கள் தாய் வந்த எல்லாவற்றுக்கும் 1ஐ அழுத்துவார். பெருவிரலின் தம்பிதான் அது. இன்னொன்று, பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று குரலில் அழுதுகொண்டு சொன்னால் அது புரிந்துகொள்ளுமா, அதுவும் எங்கட பேச்சில்? அதில் சூதாட நாங்கள் தயாராக இல்லை. இதை அதோடு விட்டோம்.

மூன்றாவதுதான் கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்தது: ஏழு தாய்மாரையும் ஒரு வட்ஸ்அப் குழுவில் போட்டு, கிழமைக்கு மூன்று குரல் பதிவு, இரண்டு வீடியோ. செலவே இல்லை, அறிக்கையில் 'ஏழு பேர் பயன்பெற்றனர்' என்று உடனே எழுதலாம். இதை ஒரு மாதம் பரீட்சித்தும் பார்த்தோம், அதனால் இதைப் பற்றி நீளமாகவே சொல்லலாம்.

குரல் பதிவு நல்லதுதான், வாசிக்கத் தேவையில்லை. ஆனால் நான் ஒரு மடத்தனம் செய்தேன், பிள்ளையைக் குளிப்பாட்டுவது பற்றி நாலு பதிவை அடுத்தடுத்து அனுப்பினேன். வட்ஸ்அப்பில் ஒன்று முடிய அடுத்தது தானாக ஓடும். அவருக்கு அது நாலு படியாக இல்லை, ஆறு நிமிட மூச்சுவிடாத பேச்சு. அப்புறம் யாரோ ஒரு தாய் 'காலை வணக்கம்' ரோசாப்பூப் படம் போட்டார், இன்னொருவர் கோயில் திருவிழா வீடியோ போட்டார், சொன்ன விஷயம் மேலே போய் மறைந்தது. தேடி எடுக்க அவர்களுக்குத் தெரியாது. (இப்போது வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை மேலே ஊசி குத்தி வைக்கலாம், அதிகபட்சம் 30 நாள். குழு வைத்திருப்பவர்கள் அதையாவது செய்யுங்கள்.) எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை வெட்கம். குழுவில் ஒருவர் கேள்வி கேட்டால் மற்ற ஆறு பேருக்கும் தெரியும், ஆறு பேரும் ஒரே சந்தைக்குப் போகிறவர்கள். ஒரு மாதத்தில் வந்த கேள்விகள் மொத்தம் இரண்டு, இரண்டுமே திரிபோஷா (கிளினிக்கில் கொடுக்கும் சத்துமா) எப்போது கொடுப்பார்கள் என்பது.

'விளங்கிச்சா?' என்று கேட்டால் 'ஓம் டீச்சர்'. இது எங்கள் தாய்மாரின் குறை என்று நினைக்க வேண்டாம். வாழ்க்கை முழுக்க 'உனக்கு ஒண்டும் விளங்காது' என்று கேட்டு வளர்ந்தவர்கள், அதிகாரியோ ஆசிரியரோ கேட்டால் ஓம் சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு என்று படித்து வைத்திருக்கிறார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் முதல் எச்சரிக்கையே இந்த 'ஓம்' பற்றியதுதான். எனவே கேள்வியை மாற்ற வேண்டும்: 'விளங்கிச்சா' இல்லை, 'செஞ்சு காட்டுங்க பாப்பம்'. ஒரு குழுவில் 'செஞ்சு காட்டுங்க' என்று யாரிடம் சொல்வது?

ஜீவனியால்தான் (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புத்தூள் பக்கற்) நாங்கள் நாலாவது வழிக்கு, ஆளுக்கு ஆள் தனியே என்ற வழிக்கு வந்தோம். குழுவில் அழகான வீடியோ ஒன்று போட்டிருந்தோம்: கண்ணாடி ஜக், ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், பக்கற்றை வெட்டிக் கொட்டிக் கலக்குவது. எல்லோரும் பெருவிரல். அடுத்த கிழமை ஒரு வீட்டுக்குப் போனேன், பிள்ளைக்கு வயிற்றோட்டம், தாய் ஜீவனி கொடுத்திருக்கிறார், நல்லது என்று நினைத்துக்கொண்டே எப்படிக் கரைத்தீர்கள் என்று காட்டச் சொன்னேன். பக்கற் முழுவதையும் ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீரில் கொட்டினார். எனக்குக் கை நடுங்கியது, அவ்வளவு உப்பு பிள்ளைக்கு ஆபத்து. ஏன் என்று கேட்டேன். "எங்கட வீட்ட அந்தக் கண்ணாடிச் சாமான் இல்ல டீச்சர்" என்றார். வீடியோவில் இருந்தது ஜக், அவரிடம் ஜக் இல்லை, ஆகவே இருந்த பாத்திரத்தில் கரைத்தார். ஒரு லீற்றர் என்பது அவருக்கு ஒரு சத்தம், அளவு இல்லை.

குசினியில் பழைய ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருந்தது. அளவு பார்த்து, ஒரு லீற்றர் வரும் இடத்தில் அவருடைய சிவப்புக் கியூட்டெக்ஸாலேயே சுற்றிவர ஒரு கோடு போட்டோம். 'கோடுமட்டும் தண்ணி, ஒரு பக்கற், நல்லாக் குலுக்கு, நாளைக்கு இதே நேரம் மிச்சத்த ஊத்து.' நாலே நாலு படி. அவருடைய கையை மட்டும், அவருடைய போத்தலை மட்டும், அவருடைய குசினியிலேயே என் போனில் படம் பிடித்து, ஒரு படிக்கு ஒரு வீடியோவாக, ஒவ்வொன்றும் இருபது விநாடிக்கு மேல் போகாமல், அவருடைய இலக்கத்துக்கு மட்டும் அனுப்பினேன். அதில் கேட்பது அவருடைய குரலே. இரண்டு நாள் கழித்து வீடியோ அழைப்பு எடுத்துச் செய்து காட்டச் சொன்னேன். சரியாகச் செய்தார்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை, பின்னால் வாசித்தபோதுதான் தெரிந்தது. கனடாவில் மொரிஸ் ஃபெல்ட்மன் என்பவர் 1990களிலேயே இந்தத் தாய்மாருக்காகப் படக் கையேடுகள் செய்திருக்கிறார்: ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, படிக்கு ஒரு படம், கீழே ஒரு வரி. பயிற்சியாளர் பக்கத்தில் நிற்காமலே பல தாய்மார் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அவுஸ்திரேலியாவில் குவினித் லெவலினும் கூட வேலை செய்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பாடப் புத்தகம் மட்டும் போனது, ஆள் மட்டும் போனது, பாடத்தோடு ஆளும் வீட்டுக்குப் போனது என்று பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவதுதான் வென்றது. நெதர்லாந்தில் தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அதையே தாய்க்குப் போட்டுக் காட்டி, 'இந்த இடத்தில் நீங்கள் செய்தது நல்லது' என்று சொல்கிற முறையை இப்படிப்பட்ட பெற்றோருக்காக மாற்றியிருக்கிறார்கள், 2017இல் வந்த அதன் ஆய்வில் பெற்றோரின் மன அழுத்தம் குறைந்திருந்தது. ஆனால் அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. இந்தத் துறையில் நடந்த முறையான பரீட்சார்த்தங்களை ஒன்றுசேர்த்த கொக்ரேன் மீளாய்வுக்கு 2018இல் அகப்பட்டவை நாலே நாலு, எல்லாம் சேர்த்து 200 பெற்றோர்கூட இல்லை, அதிலும் தகப்பன்மார் மிகக் குறைவு. தகப்பன் எங்கே என்ற கேள்வி எங்கள் ஏழு வீட்டிலும் உண்டு, அது வேறு கட்டுரை.

'அப்படியென்றால் ஆன்லைனே வேண்டாம், கிழமைக்கு இரண்டு தரம் வீட்டுக்கே போவோம்' என்றார் ஒருவர். நியாயமான பேச்சு, வாய்ப்பிருந்தால் நானும் அதற்கே வாக்களிப்பேன். ஆனால் மண்டூர்ப் பக்கம் போக குருமண்வெளியில் பாதைக்குக் காத்திருக்க வேண்டும் (படகைத்தான் இங்கே பாதை என்கிறோம்), பாலத்தால் சுற்றிப் போனால் பெற்றோல். நாலு மணிக்குப் பிறகு சில இடங்களில் யானைக்குப் பயந்து யாரும் வெளிக்கிட மாட்டார்கள். மாரியில் வெள்ளம் வந்தால் இரண்டு மூன்று கிழமைக்கு அந்தப் பக்கமே போக ஏலாது, வயிற்றோட்டமும் காய்ச்சலும் வருவது அந்த நாட்களில்தான். குடும்பநல மாது வருவார், நல்ல மனுஷி, அவருடைய தலையில் எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை பிள்ளைகள் என்று பார்த்தால் கிழமைக்கு இரண்டு தரம் என்பது கேட்கவே வெட்கமான கோரிக்கை. வீட்டுக்குப் போவது தொடக்கத்துக்கு, போன் நடுவுக்கு. அப்படித்தான் பிரித்தோம்.

வீடியோ அழைப்புக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். எப்போதும் ஒரே ஆள், ஒரே நாள், ஒரே நேரம். நான் இரண்டு தரம் நேரத்தை மாற்றினேன், மூன்றாம் தரம் அந்தத் தாய் போனை எடுக்கவில்லை. என் வட்ஸ்அப் படத்தில் முருகன் இருந்தார், அதை எடுத்து என் முகத்தைப் போட்டேன், பெயரை வாசிக்காமலே யார் என்று தெரியட்டும். அவருடைய போனில் என் உரையாடலை மேலே நிறுத்திக் கொடுத்தேன். இருபது நிமிடம்தான், அதற்கு மேல் போனால் இரண்டு பேருக்கும் களைப்பு. ஒரு அழைப்பில் ஒரு வேலை. முதலில் அவர் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லித் தொடங்குவது, பொய்யாக இல்லாமல், உண்மையில் கண்ணில் பட்டதை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது போன்றவற்றுக்கு ஒருபோதும் பிள்ளையைப் படம் பிடிக்கக் கூடாது, பொம்மையை வைத்துத்தான். இதில் எங்களுக்குள் விட்டுக்கொடுப்பே கிடையாது, போன் யார் யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

போன் யார் கையில் என்பதில்தான் எல்லா யோசனையும் விழுகிறதோ நிற்கிறதோ. எங்கள் பக்கத்தில் பெண் கலியாணம் முடித்துப் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, வீடு மகளுக்குச் சீதனம், தாய் அதே வளவுக்குள் இன்னொரு சின்ன வீட்டுக்கு மாறிக்கொள்வார். ஆகவே பேரப்பிள்ளை அழுதால் பத்து எட்டில் அம்மம்மா. வெளிநாட்டு ஆய்வுகளில் 'ஆதரவு வலையமைப்பைக் கட்டியெழுப்புங்கள்' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், எங்களுக்கு அது வளவுக்குள்ளேயே கிடக்கிறது. பெரிய கொடை. அதே நேரம் ஏழில் நாலு வீட்டில் ஸ்மார்ட்போன் அம்மம்மாவிடம்தான், நான் அழைத்தால் எடுப்பது அவர், பதில் சொல்வது அவர், 'அவளுக்கு இதெல்லாம் சரிவராது டீச்சர், எனக்குச் சொல்லுங்க' என்று முடிப்பதும் அவர். பிள்ளைக்கு உடனே நல்லது நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அம்மம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சீனி வருத்தம். தாய்க்கு இருபத்தாறு.

சண்டை பிடித்துப் பயனில்லை. நாங்கள் செய்தது, அம்மம்மாவுக்கும் ஒரு வேலை கொடுத்தது: போனைப் பிடித்திருப்பது. படம் எடுப்பவர் அவர், செய்பவர் மகள், வாயைத் திறக்கக் கூடாது என்பது விளையாட்டின் விதி. முதல் நாள் அம்மம்மா இரண்டு நிமிடம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை, 'அது இல்ல புள்ள, மற்றத எடு' என்று பின்னாலிருந்து குரல். நாலாவது கிழமை ஐந்து நிமிடம் மௌனமாக இருந்தார், நான் அவரையும் பாராட்டினேன், சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

செலவுக் கணக்கும் பார்த்துவிடுவோம், பொருளாளர் அதைத்தான் கேட்டார். ஏழு பேர், கிழமைக்கு இரண்டு அழைப்பு, இருபது நிமிடம்: 280 நிமிடம், ஐந்து மணித்தியாலம்கூட இல்லை. இரண்டு பேர் பிரித்துச் செய்யலாம். முதல் மாதம் வீட்டுக்கு இரண்டு தரம் போய்ப் படம் பிடிப்பதுதான் பெரிய செலவு, அப்புறம் தாய்மாருக்கு டேட்டா, சரியான போன் இல்லாத இரண்டு வீட்டுக்குப் பழைய போன். சுவரில் ஒட்ட ஒரு படத்தாள், டேட்டா முடிந்தாலும் மின்சாரம் போனாலும் அது இருக்கும். குழுவோடு ஒப்பிட்டால் காசு பல மடங்கு, ஒத்துக்கொள்கிறேன். இருபது முப்பது தாய்மார் என்றால் இந்த வழி எங்களுக்குச் சரிவராது, அப்படி உள்ளவர்கள் மூன்று நாலு பேராகப் பிரித்துத் தொடங்குவதைத் தவிர வேறு யோசனை என்னிடம் இல்லை. நன்றாக வாசிக்கக்கூடிய, வெறும் அனுபவக் குறைவால் தடுமாறும் இளம் தாய் என்றால் அந்தச் சாட்பொட்டே போதும், அவருக்கு என் தொல்லை எதற்கு.

மூன்றாவது கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு முன்னால் நான் ஒரு படத்தைக் காட்டினேன். அதே மஞ்சள் உடுப்புத் தாய் முதல் நாள் இரவு அனுப்பியது. அவரிடமும் ஒரு கோடு போட்ட போத்தல் இருந்தது, எலி கடித்து ஓட்டையாகிவிட்டதாம், புதுப் போத்தல் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பி, கீழே குரல் பதிவு, நாலு விநாடி: "டீச்சர், இதில கோடு இல்ல. எதுமட்டும் ஊத்துற?"

ஆறு பேரில் நாலு பேர் கை உயர்த்தினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் உயர்த்தவில்லை, அவர் இப்போது படத்தாளுக்கு வரி எழுதித் தருகிறார், ஒவ்வொரு வரியும் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. அறுவடை முடிந்து தாய்மாருக்குக் கை ஓய்கிற மாசியில் முறையாகத் தொடங்குகிறோம்.